முகவரி உள்ள ஒரே ஆள்

கோவையிலிருந்து பாலக்காடு போகும் பேருந்தில் வாளையார் வந்ததும் போலீஸோ கலால் துறையோ ஏறிப் பைகளைத் திறந்து பார்ப்பது இரு பக்கத்து மக்களுக்கும் பழகிப்போன விஷயம். கஞ்சாவோடு சேர்த்து அங்கே தேடப்படுவது ரொக்கம். இடுப்பைச் சுற்றித் துணிப்பை கட்டி, உள்ளே நோட்டுக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு போனவர்கள் பிடிபட்டதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வரும். இப்படிக் கடத்தும் பணத்தைக் குழல்பணம் என்று கேரளத்தில் சொல்வார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று இடுக்கிப் பக்கத்து எல்லை வழிகளிலும் சோதனை உண்டு.

ஆனால் இணைய மோசடியில் பறிபோகும் பணம் இந்தச் சாலைகளுக்கு வருவதே இல்லை. 2024-இல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதில் பெரும்பகுதி முதலில் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கில்தான் போய் விழுந்தது. அந்த யாரோ ஒருவருக்குப் பெயர் உண்டு, ஆதார் எண் உண்டு, பான் கார்டு உண்டு, வீட்டுக் கதவில் எண் உண்டு. பணத்தைத் திருடியவருக்கு இவை எதுவும் இல்லை. இந்த வியாபாரம் முழுவதும் நடப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

பணம் பறிக்கிறவருக்கு ஏமாற்றுவது பெரிய வேலை இல்லை. சிபிஐ அதிகாரி போல வீடியோ காலில் மிரட்டலாம், பங்குச்சந்தையில் இரட்டிப்பு லாபம் என்று செயலியில் எண்களைக் காட்டலாம். ஏமாந்தவர் அனுப்பும் பணத்தைக் கையில் வாங்குவதுதான் அவருடைய உண்மையான சிக்கல். தன் பெயரில் வாங்கினால் மறுநாளே போலீஸ் வந்துவிடும். அதனால் இன்னொருவர் பெயரில் வாங்க வேண்டும். அந்த இன்னொருவரின் கணக்கைத்தான் வங்கிக்காரர்களும் போலீஸும் மியூல் அக்கவுண்ட் என்கிறார்கள். பேச்சு வழக்கில் வாடகைக் கணக்கு.

எட்டு லட்சம் கரையும் விதம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏமாந்து எட்டு லட்சம் ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு கணக்குகளில் இரண்டிரண்டு லட்சமாகப் போய்ச் சேர்கிறது. இதைப் போலீஸ் முதல் அடுக்கு என்பார்கள். அந்த நான்கில் ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து கணக்குகளுக்கு நாற்பதாயிரம் வீதம் பிரிகிறது. இரண்டாம் அடுக்கில் இருபது கணக்குகள். அந்த இருபதும் மறுபடி ஐந்தைந்தாகப் பிரிந்தால் மூன்றாம் அடுக்கில் நூறு கணக்குகள், ஒவ்வொன்றிலும் எட்டாயிரம் ரூபாய். எட்டாயிரத்தை ஏடிஎம்மில் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மொத்தம் 124 கணக்குகள். ஆள் உட்கார்ந்து அனுப்பினாலே சில நிமிட வேலை. மென்பொருள் அனுப்பினால் அதைவிடக் குறைவு. இதற்கு உதவும் வேகத்தை நாம் நல்ல காரணத்துக்காக உண்டாக்கினோம். 2010-இல் ஐஎம்பிஎஸ் வந்தது, நள்ளிரவிலும் பணம் அனுப்ப முடிந்தது. 2016-இல் யுபிஐ வந்தது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட்டும், 2020 டிசம்பர் முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் நாள் முழுவதும், விடுமுறை நாளிலும் இயங்குகின்றன. டீக்கடையில் பதினைந்து ரூபாயை ஒரு நொடியில் அனுப்பும் அதே பாதையில்தான் திருட்டுப் பணமும் ஓடுகிறது.

ஆழியாற்றுத் தண்ணீர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு வரும் வழியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தலைமதகில் ஷட்டரை இறக்கினால் மொத்தத் தண்ணீரும் நிற்கும். கிளை வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்குள் இறங்கிய பிறகு எந்த ஷட்டரை இறக்கியும் பயனில்லை. ஏமாந்தவுடன் 1930 என்ற தேசிய சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொல்வது இதனால்தான். புகார் பதிவானதும் முதல் அடுக்கு வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் அங்கே இருந்தால் பிடித்து வைக்கிறார்கள். நகர்ந்திருந்தால் எந்த வங்கிக்கு நகர்ந்தது என்று பார்த்து அடுத்த வங்கிக்குத் தகவல் போகிறது. பணமும் புகாரும் ஒரே பாதையில் ஓடும் பந்தயம் இது.

பந்தயத்தில் புகார் ஜெயித்ததும் உண்டு. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரின் முகத்தோடு வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய முகம். உறவினரின் அறுவை சிகிச்சைக்கு என்று கேட்ட 40,000 ரூபாயை அவர் அனுப்பிவிட்டார். மேலும் பணம் கேட்டதும் சந்தேகம் வந்து, உண்மையான நண்பரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, தாமதிக்காமல் புகார் கொடுத்தார். மகாராஷ்டிரத்தில் ஒரு கணக்கில் கிடந்த பணத்தைக் கேரளப் போலீஸ் முடக்கி மீட்டது.

யாருடைய கணக்கு?

இந்த 124 கணக்குகளையும் யார் கொடுக்கிறார்கள்? ஆள் பிடிப்பவர் முதலில் தேடுவது குற்றவாளியை அல்ல. சுத்தமான பெயரும் காலியான கணக்கும் உள்ளவரை. கல்லூரி மாணவர், உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்கிய பெண், தோட்டத்து வேலை விட்டவர், தினக்கூலிக்காரர், கடன் நெருக்கடியில் இருப்பவர். கேட்பவர் அந்நியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலும் தெரிந்த முகம் வழியாகவே கேள்வி வரும்.

"தம்பி, உன் அக்கவுண்டு சும்மாதான கெடக்கு? பத்து நாளைக்கு எனக்குக் குடு. ஏடிஎம் கார்டும் சிம்மும் போதும். என் அக்கவுண்டுல லிமிட்டு முடிஞ்சு போச்சுப்பா, அதான்."

பேச்சு இவ்வளவுதான். கையில் சில ஆயிரம் ரூபாய், அல்லது வரும் பணத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு கமிஷன். பதிலுக்குக் கைமாறுவது ஒரு 'கிட்'. பாஸ்புக், ரகசிய எண்ணோடு ஏடிஎம் கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகள், அந்தக் கணக்கோடு இணைத்த சிம் கார்டு, நெட் பேங்கிங் பாஸ்வேர்டு. சில கும்பல்களுக்கு சிம்கூட வேண்டாம். உங்கள் போனிலேயே ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். வரும் ஓடிபி எல்லாவற்றையும் அது எங்கோ இருக்கும் இன்னொரு போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சாதாரண சேமிப்புக் கணக்கைவிடக் கரண்ட் அக்கவுண்டுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதில் பெரிய தொகை புரண்டாலும் வங்கிக்குச் சட்டென்று உறுத்தாது. அதற்காக இல்லாத கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டி, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் ஜிஎஸ்டி எண்ணும் வாங்கிக் கணக்குத் தொடங்க வைப்பார்கள். உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தன் பெயரில் நிறுவனம் இருப்பதே பிறகுதான் தெரியும்.

எல்லைப் பகுதியில் இவர்களுக்கு வசதி அதிகம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போய் வருகிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம், போடியிலிருந்து ஜீப்புகளில் ஆட்கள் மலையேறுகிறார்கள். மூணாறு, பீருமேடு தோட்டங்களில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்களுக்குக் கீழ்நாட்டில் உறவு இருக்கிறது. இந்த மாநிலத்தில் ஒரு வங்கிக் கணக்கு, அந்த மாநிலத்தில் ஒன்று, இரண்டு சிம் என்று இருப்பது இங்கே சாதாரணம். பயன்படாமல் கிடக்கும் இரண்டாவது கணக்கு யாரிடம் இருக்கும் என்று ஆள் பிடிப்பவருக்கு நன்றாகத் தெரியும். தமிழும் மலையாளமும் பேசும் இளைஞர்களை இரண்டு மொழியிலும் வலைவிரித்துப் பிடிக்கலாம்.

கணக்கைக் கொடுக்கிறவர்களில் மூன்று வகை உண்டு. தெரிந்தே கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர் ஒரு வகை. ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தும் கேள்வி கேட்காமல் இருப்பவர் இரண்டாம் வகை. எதுவும் தெரியாமல் மாட்டிக்கொள்பவர் மூன்றாம் வகை. வீட்டிலிருந்தே வேலை, வரும் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பினால் போதும் என்ற விளம்பரத்தை நம்பியவர் மூன்றாம் வகையில் வருவார். லோன் வேண்டுமானால் கணக்கில் வரவு செலவு காட்ட வேண்டும் என்று சொல்லி பாஸ்வேர்டு வாங்கப்பட்டவரும் அப்படித்தான். தெரியாதவர் தவறுதலாக அனுப்பியதாகச் சொன்ன பணத்தை, அவர் சொன்ன வேறொரு எண்ணுக்குத் திருப்பி அனுப்பிய நல்ல மனிதரும் இதில் சேர்கிறார். வங்கியின் பதிவேட்டில் இந்த மூன்று வகையும் ஒரே மாதிரிதான் தெரியும்: பணம் வந்தது, போனது.

மேலே இருப்பவர்கள்

இந்தக் கணக்குகளை இயக்குகிறவர் அநேகமாக அந்த ஊரில் இல்லை, சில நேரம் அந்த நாட்டிலேயே இல்லை. 2024 அக்டோபரில் மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வாடகைக் கணக்குகளைக் கொத்தாகச் சேர்த்து, வெளிநாட்டிலிருந்து இயக்கப்படும் சட்டவிரோதப் பணப் பரிமாற்ற நிறுவனங்களே நடக்கின்றன என்றது அது. பீஸ்பே, ஆர்டிஎக்ஸ் பே, போக்கோபே, ஆர்பிபே என்று பெயர்களையும் சொன்னது. டெலிகிராமிலும் பேஸ்புக்கிலும் கணக்குகள் தேடி வாங்கப்படுகின்றன. சூதாட்டத் தளமோ போலிப் பங்குச்சந்தைச் செயலியோ பணம் வசூலிக்க இந்த நிறுவனங்களை அமர்த்திக்கொள்கிறது. கமிஷனுக்கு வேலை செய்யும் தனித் தொழிலாகவே இது வளர்ந்துவிட்டது.

ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலை மருத்துவர் தம்பதி வழக்கு இந்தச் சங்கிலியின் நீளத்தைக் காட்டும். 2024-இல் போலிப் பங்கு வர்த்தகத்தில் அவர்கள் இழந்தது 7.65 கோடி ரூபாய். கேரளத்துக்காரர்கள், ராஜஸ்தான்காரர் என்று கைதுகள் தொடர்ந்தன. 2025 தொடக்கத்தில்தான் வேறொரு வழக்கில் அகமதாபாத் சபர்மதி சிறையில் இருந்த தைவான் நாட்டவர் இருவரை ஆலப்புழைப் போலீஸ் தன் வழக்கில் கைது செய்து கொண்டுவந்தது. கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் அங்கே போக முடிந்தது.

கடைசி அடுக்கில் ஏடிஎம்மிலும் காசோலையிலும் எடுக்கப்படும் ரொக்கம் பெரும்பாலும் யுஎஸ்டிடி போன்ற கிரிப்டோ நாணயமாக மாறுகிறது. டாலர் மதிப்போடு கட்டப்பட்ட அந்த நாணயம் எல்லை தாண்ட எந்தச் சோதனைச் சாவடியும் கிடையாது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2016 முதல் ஆண்டுதோறும் வாடகைக் கணக்குகளுக்கு எதிராகக் கூட்டு வேட்டை நடத்துகிறது. 2023-இல் அவர்கள் அடையாளம் கண்ட கணக்குக்காரர்கள் 10,759 பேர். ஆள் பிடிப்பவர்கள் 474 பேர். கீழே எத்தனை பேர், மேலே எத்தனை பேர் என்ற விகிதம் அதிலேயே தெரிகிறது.

பெயர் யாருடையது, வழக்கு அவருடையது

வாடகைக்குக் கொடுத்தவர் நினைப்பது இது: பணம் என் கையில் நிற்கவில்லை, வந்த வேகத்தில் போய்விட்டது, ஆகவே எனக்குச் சம்பந்தமில்லை. மின்னணுப் பணத்தின் இயல்பு இதற்கு நேர்மாறு. நோட்டு கைமாறினால் தடயம் இருக்காது. யுபிஐயில் நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று பதிவாகிறது. எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்த எண்ணோடு கட்டுண்டு கிடக்கும். ஐந்து நிமிடம் கணக்கில் தங்கிய எட்டாயிரம் ரூபாய்க்கும் அந்தப் பதிவு அழியாது. எட்டு லட்சம் இழந்த ஆசிரியர் ஒரே ஒரு புகார் கொடுத்தால் போதும், 124 பேரின் பெயரும் வரிசையாக வந்துவிடும். மிரட்டியவரின் குரலுக்கு முகவரி இல்லை. டெலிகிராமில் பேசியவருக்குப் படம்கூட உண்மையில்லை. சங்கிலியில் முகவரி உள்ள ஒரே ஆள் கணக்குக்காரர். கும்பல் அவருக்குக் கொடுக்கும் கமிஷன் இதற்கான கூலிதான்.

சட்டமும் அண்மையில் இறுகியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுச் சொத்து என்பதன் வரையறையில் ஏமாற்றிப் பெற்ற சொத்து சேரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு அதையும் சேர்த்துவிட்டது. அப்படிப்பட்ட பணம் என்று தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கி வைத்தால் மூன்றாண்டு வரை சிறை. மோசடியில் பங்கு இருந்தால் 318-ஆவது பிரிவில் ஏழாண்டு வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு தனி. நம்புவதற்குக் காரணம் இருந்ததா என்ற கேள்வியில்தான் பலரும் சிக்குகிறார்கள். வேலை எதுவும் செய்யாமல் ஏடிஎம் கார்டைக் கொடுத்ததற்கு ஏன் ஐயாயிரம் ரூபாய் கிடைத்தது என்று விசாரணை அதிகாரி கேட்டால், சொல்வதற்கு நல்ல பதில் இருக்காது.

இரு மாநிலப் போலீஸும் இப்போது கணக்குக்காரர்களையே தேடிப் போகிறது. தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024 டிசம்பரில் நடத்திய 'திரைநீக்கு' நடவடிக்கையில் 76 பேர் கைது. 2025 ஜூனில் இரண்டாம் சுற்றில் 136 பேர். கேரளப் போலீஸ் 2025 அக்டோபர் 30 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நாளில் நடத்திய 'சை ஹன்ட்' சோதனையில் 263 பேர் கைதானார்கள். 382 வழக்குகள் பதிவாயின. சிபிஐ 2025 ஜூனில் தெரிவித்த கணக்கு இன்னும் பெரிது: நாடு முழுவதும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் 8.5 லட்சம் வாடகைக் கணக்குகள். வங்கி ஊழியர்களும் முகவர்களும் இதில் கூட்டு என்பதையும் சிபிஐ சொன்னது.

சிறைக்குப் போகாவிட்டாலும் அலைச்சல் உண்டு. ஒரு கணக்கில் பல மாநிலத்துப் பணம் விழுந்திருக்கும். தெலங்கானாவிலிருந்து ஒரு நோட்டீஸ் வரும், ராஜஸ்தானிலிருந்து இன்னொன்று வரும். வளைகுடா வேலைக்கோ செவிலியர் பணிக்கோ விண்ணப்பித்தவருக்குப் போலீஸ் சான்றிதழ் நின்றுபோகும். இந்த எல்லை மாவட்டங்களில் வெளிநாட்டு வேலை எத்தனை குடும்பங்களின் சோறு என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இயந்திரம் மோப்பம் பிடிக்கும் விதம்

எட்டரை லட்சம் கணக்குகளை மனிதர்கள் உட்கார்ந்து தேட முடியாது. பெங்களூரில் உள்ள ரிசர்வ் வங்கி இன்னொவேஷன் ஹப் இதற்காக மியூல்ஹன்டர்.ஏஐ என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. 2024 டிசம்பர் நிதிக்கொள்கை அறிக்கையில் ரிசர்வ் வங்கி அதை அறிவித்தது. பழைய முறை விதிகளைக் கொண்டது: இத்தனை லட்சத்துக்கு மேல் வந்தால் மணி அடி, இத்தனை முறைக்கு மேல் எடுத்தால் மணி அடி. கும்பல்கள் அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு ஒரு ரூபாய் குறைவாக அனுப்பும். புதிய முறையில் இயந்திரம் பிடிபட்ட கணக்குகளின் நடத்தையைப் படித்துப் பழகுகிறது.

அது பார்ப்பவை சுவாரஸ்யமானவை. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த கணக்கு திடீரென்று உயிர்த்தெழுகிறதா? முதலில் ஒரு ரூபாய் வந்து, கணக்கு வேலை செய்கிறதா என்று சோதிக்கப்படுகிறதா? வந்த பணத்தில் எவ்வளவு சில நிமிடத்துக்குள் வெளியேறுகிறது? அனுப்புகிறவர்கள் ஒருவரோடொருவர் சம்பந்தமே இல்லாத பல மாநிலத்தவர்களா? கணக்குக்காரர் தேவிகுளத்தில் இருக்க, அவருடைய மொபைல் பேங்கிங் வேறொரு மாநிலத்தில் திறக்கப்படுகிறதா? ஒரே போனில் முப்பது பேரின் கணக்குகள் திறக்கப்படுகின்றனவா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அர்த்தமில்லை. நான்கைந்து ஒன்றாகச் சேர்ந்தால் சந்தேகம் கனக்கும். கணக்குகளைப் புள்ளிகளாகவும் பரிமாற்றங்களைக் கோடுகளாகவும் வரைந்து பார்த்தால், குடும்பக் கணக்கைச் சுற்றி மளிகை, பள்ளி, மின்கட்டணம் என்று கோடுகள் திரும்பத் திரும்ப ஒரே புள்ளிகளுக்குப் போகும். வாடகைக் கணக்கில் கோடுகள் நாலாபக்கமிருந்தும் ஒருமுறை வந்து, ஒருமுறை போய், திரும்பி வரவே வராது.

இங்கே கணிதம் ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. ஒரு வங்கியில் ஒரு லட்சம் கணக்குகள் இருப்பதாகவும், அவற்றில் நூறு வாடகைக் கணக்குகள் என்றும் வைத்துக்கொள்வோம். மென்பொருள் மிகத் திறமையானது. நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும். வாடகைக் கணக்குகள் நூறில் 99-ஐப் பிடித்துவிடும். ஆனால் மீதமுள்ள 99,900 நல்ல கணக்குகளில் நூற்றுக்கு ஒன்று வீதம் 999 பேரையும் தவறாகச் சுட்டும். ஆக, சுட்டப்பட்ட பதினொரு பேரில் ஒருவர்தான் உண்மையான ஆள். குற்றம் அரிதாக இருக்கும் இடத்தில் நல்ல கருவியும் இப்படித் தடுமாறும்.

தவறாகச் சுட்டப்பட்ட மற்றப் பத்துப் பேரில் பாலக்காட்டு நெல் விவசாயி இருக்கக்கூடும். அறுவடை முடிந்து, கேரள அரசின் சப்ளைகோ கொள்முதல் செய்த நெல்லுக்கான பணம் மாதங்கள் கழித்து மொத்தமாக வரும்; வந்ததும் உரக்கடை, அறுவடை இயந்திரக்காரர், கைமாற்றுக் கடன் என்று அன்றைக்கே போய்விடும். ஏலக்காய் வியாபாரியின் கணக்கும் அப்படியே. புற்றடியிலும் போடியிலும் ஏலம் நடக்கும் பருவத்தில் லட்சக்கணக்கில் புரளும், மற்ற மாதங்களில் தூங்கும். நீண்ட மௌனம், திடீர் வரவு, உடனடிச் செலவு: இயந்திரத்தின் கண்ணுக்கு அரைவாசி அடையாளங்கள் பொருந்திவிட்டன. அதனால் இயந்திரம் சொன்னதை மனிதர் ஒருவர் சரிபார்த்த பிறகே கணக்கைத் தொட வேண்டும் என்பது நியாயம்.

நியாயம் தவறும்போது என்ன ஆகும் என்பதைக் கேரளம் பார்த்திருக்கிறது. 2022, 2023-இல் கடைக்காரர்கள் பலரின் கணக்குகள் குஜராத் போன்ற வெளிமாநிலப் போலீஸின் கடிதத்தால் முடங்கின. எங்கோ ஏமாற்றப்பட்ட பணத்தின் ஒரு துளி, வாடிக்கையாளர் ஒருவரின் யுபிஐ வழியாக அவர்கள் கணக்கில் விழுந்ததுதான் காரணம். சில நூறு ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் நின்றது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவோ அதை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. அப்பாவியாக மாட்டிக்கொண்டவர்கள் கேட்கத் தகுந்த நிவாரணம் இது.

என்ன செய்யலாம்

அடையாளம் காண்பது கடினமில்லை. உங்கள் உழைப்போ சரக்கோ எதுவும் கேட்காமல், கணக்கை மட்டும் கேட்கும் எந்த வேலையும் வேலை இல்லை. எந்த நிறுவனமும் தன் வாடிக்கையாளரின் பணத்தை ஊழியரின் சொந்தக் கணக்கில் வாங்கச் சொல்லாது. எந்த வங்கியும் கடன் தருவதற்கு உங்கள் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கேட்காது. கணக்குத் தொடங்கக் கூடவே வந்து, வெளியே வந்ததும் பாஸ்புக்கை வாங்கிக்கொள்ளும் ஆள் உதவிக்கு வந்தவர் இல்லை. கேட்பவர் மாமா மகனானாலும், பக்கத்து லயத்து அண்ணனானாலும் பதில் ஒன்றே.

தெரியாத பணம் கணக்கில் விழுந்தால் செலவு செய்ய வேண்டாம். போனில் கெஞ்சுகிறவர் சொல்லும் எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். வந்த வழியே திருப்பி அனுப்புவது வங்கியின் வேலை. எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே கார்டை முடக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், மோசடிக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று வங்கிக்குக் கடிதம் கொடுங்கள், சைபர் போலீஸ் நிலையத்துக்கு நீங்களாகவே போங்கள். ஆள் பிடித்தவரோடு பேசிய வாட்ஸ்அப், டெலிகிராம் செய்திகளைப் பயந்துபோய் அழிக்காதீர்கள். உங்களுக்கு மேலே ஒருவர் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

கணக்கு முடக்கப்பட்டால் எந்த மாநிலத்து எந்தப் போலீஸ் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கக் கோருங்கள். 'பணம் கொடுத்தால் முடக்கத்தை எடுத்துத் தருகிறேன்' என்று வரும் அழைப்பு அதே கும்பலின் இன்னொரு வலை.

ஏமாந்து பணம் அனுப்பியவர்கள் 1930-ஐக் கூப்பிடும்போது வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், அந்த 12 இலக்கப் பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் நிமிடங்கள் மிச்சமாகும். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் பணம் மூன்றாம் அடுக்கைத் தாண்டியிருக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, வங்கி சம்மதித்தால் பத்து வயது நிறைந்த பிள்ளைகள்கூடத் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்தலாம். பதினெட்டு வயதில் கல்லூரிக்காகக் கணக்குத் தொடங்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஏடிஎம் கார்டு வீட்டுக்கு வரும் நாளிலேயே அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கடன் கேட்கும் நண்பனுக்கு முடிந்தால் நூறு ரூபாய் கொடு, கணக்கை மட்டும் யாருக்கும், ஒரு நாளைக்கும், எத்தனை ரூபாய்க்கும் கொடுக்காதே.